வேதமாணிக்கத்தின் ஒன்றரைக் கதவு

சீடன் குருவைத் தேடிக் காடு மலையெல்லாம் அலைவதுதான் வழக்கம். வேதமாணிக்கத்துக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலாவது நாற்காலியில் குரு இருந்தார்.

குருவின் பெயர் ஜமீலா பேகம். வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள், தகப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளைக்கு மலைமேல் கோயில் கட்டிக் கும்பிடுகிற நாடு இது என்பதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். தவிர, வேதமாணிக்கம் தன்னைச் சீடர் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "மேடத்துகிட்ட ஒரு சந்தேகம்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சந்தேகம் வரும்.

இடம் திருச்சி தில்லைநகர். கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாவது மாடி. பதினோரு பேர் கணினி முன்னால் உட்கார்ந்து, இன்னும் கட்டாத கட்டிடங்களைத் திரைக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது வெறும் வரைபடம் அல்ல. சுவருக்குக் கனம் உண்டு, கதவு திறக்கும், குழாய் எந்தப் பீமில் இடிக்கிறது என்பது தெரியும். அதற்கு மாடல் என்று பெயர்.

கட்டிடம் ஒன்று, மாடலும் ஒன்று. பதினோரு பேரும் அந்த ஒரே மாடலுக்குள் வேலை செய்ய வேண்டும். ஒரே சட்டியில் பதினோரு பேர் கரண்டி விட்டால் என்ன ஆகும் என்பது கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் கட்டிடத்தைப் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். சுவர் ஒரு பங்கு, தூணும் பீமும் ஒரு பங்கு, தண்ணீர்க் குழாய் ஒரு பங்கு, இப்படி. பங்குக்கு அவர்கள் வைத்த பெயர் ஒர்க்செட். ஒருவர் ஒரு பங்கைக் கையில் எடுத்தால், அவர் விடும்வரை மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், தொட முடியாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் திரையிலேயே ஒரு வேண்டுகோள் அனுப்பலாம். வைத்திருப்பவர் சரி என்றால் கிடைக்கும். மாலையில் கிளம்பும்போது, பங்கை விட்டுவிடட்டுமா என்று மென்பொருளே கேட்கும். எல்லோரும் ஆம் என்பார்கள்.

வேதமாணிக்கம் ஒன்பது நாளாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அவர் சைட்டில் நின்றவர். அதில் ஒரு வருடம் ஏதோ ஓர் ஊரில் மகப்பேறு மருத்துவமனை. ரிப்பன் வெட்டிய மறுநாள், பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிலோடு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவில் கட்டில் நுழையவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது. தாளில் அளவு சரியாகத்தான் இருந்தது. நிலையின் கனத்தையும் சுவரில் ஒட்டிய டைல்ஸையும் யாரோ கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில் நாலு பேர் அவளைப் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு முனையைப் பிடித்தவர் வேதமாணிக்கம்.

தாயும் பிள்ளையும் நலம். வேதமாணிக்கம்தான் அதற்குப் பிறகு நலமாக இல்லை.

இப்போது அவர்கள் செய்துகொண்டிருந்த மாடலும் ஒரு மகப்பேறு மருத்துவமனைதான். பதினான்கு வார்டு. அந்தப் பதினான்குக்கும் வேதமாணிக்கம் மூன்று வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு கதவு செய்தார். கடைச்சரக்காக மென்பொருளோடு வரும் கதவு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடையது ஒன்றரைக் கதவு: பெரியது ஒன்று, அதில் பாதி அகலத்தில் சின்னது ஒன்று. ஆள் போக பெரியது மட்டும் திறக்கும். கட்டில் போக இரண்டும் திறந்து, வெளிப்பக்கம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். கட்டில் இடிக்கும் உயரத்தில் எஃகுத் தகடு. நிலையின் கனம், டைல்ஸின் கனம் எல்லாம் கழித்த பிறகும் ஆயிரத்து ஐந்நூறு மில்லிமீட்டர் வழி.

இப்படி நாமே செய்துகொள்ளும் பொருளை அந்த மென்பொருளில் ஃபேமிலி என்பார்கள். ஒரே முகச்சாயலில் பல உயரத்தில் பிள்ளைகள் பிறப்பார்கள், தாயின் மூக்கை மாற்றினால் அத்தனை பிள்ளைகளின் மூக்கும் அந்தக் கணமே மாறும் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு நியாயம் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வேதமாணிக்கம் மாடலைத் திறந்தார். மூக்கு மாறியிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ஆகியிருந்தது.

"யாருய்யா என் கதவுல கை வெச்சது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் கதிரேசன். தூண், பீம் எல்லாம் அவர் பொறுப்பு. வேதமாணிக்கம் தெற்கத்திக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் அண்ணாச்சிப் பட்டம் கொடுத்து வைத்திருந்தவரும் அவர்தான். "தூண் கொஞ்சம் தள்ளுச்சு. அரையடிதானே."

"அரையடி உனக்கு. பெட்ஷீட் எனக்கு."

"எந்த பெட்ஷீட்?"

வேதமாணிக்கம் திரைக்குத் திரும்பினார். அளவைத் திரும்ப ஆயிரத்து ஐந்நூறு ஆக்கினார். பதினான்கு கதவையும் ஒரு தனி ஒர்க்செட்டுக்கு மாற்றினார். அதற்கு 'கதவு – தொட வேண்டாம்' என்று பெயர் வைத்தார். கையில் எடுத்தார். அன்று மாலை மென்பொருள் கேட்டபோது இல்லை என்றார்.

கதிரேசன் இரண்டு தடவை வேண்டுகோள் அனுப்பிப் பார்த்தார். இரண்டு தடவையும் மறுப்பு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் அனுப்பவே இல்லை.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாடல் போக வேண்டும். போய்விட்டால் அதை வைத்துத்தான் நிலைக்கு ஆர்டர் கொடுப்பார்கள், குழாய் வெட்டுவார்கள். வேதமாணிக்கம் எழுந்து நாலாவது நாற்காலிக்குப் போனார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

ஜமீலா திரையிலிருந்து தலையைத் திருப்பினார். மாடல் மொத்தத்துக்கும் பொறுப்பு அவர்தான். யார் எந்தப் பங்கில் இருக்கலாம், எந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவர் வகுத்த ஏற்பாடு.

"சொல்லுங்க சார்."

"நான் செஞ்ச பொருளை வேற யாரும் தொடாம காப்பாத்தணும். முழுசா. வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கு என்ன வழி?"

"இப்பவே பூட்டி வெச்சிருக்கீங்களே."

"உங்களால அதைப் பிடுங்க முடியும்னு கதிரேசன் சொல்றான்."

"முடியும்."

"பிடுங்கிடாதீங்க மேடம்."

"பிடுங்க மாட்டேன்." ஜமீலா கொஞ்சம் யோசித்தார். "கதவு மட்டும் போதுமா சார்?"

"அப்படின்னா?"

"கதவு எதுல இருக்கு?"

"சுவத்துல."

"யாராவது சுவத்தை நகர்த்தினா?"

வேதமாணிக்கம் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சுவரோடு கதவும் போகும். பூட்டு எதுவும் செய்யாது.

"அப்ப சுவரையும் எடுத்துக்கிறேன்" என்றார்.

"சுவரு எதை ஒட்டி இருக்கு?"

"தூணை."

"கதிரேசன் சார் தூண்."

"தூணையும் எடுத்துக்கிறேன்."

"தூணுக்கு மேல பீம் இருக்கு. பீமுக்குக் கீழ ஏ.சி. குழாய் இருக்கு. குழாய் எறங்கினா ஃபால்ஸ் சீலிங் எறங்கும். சீலிங் எறங்கினா உங்க கதவு உயரம்."

இதைச் சொல்லி மேடம் தன்னை மடக்கப் பார்க்கிறார் என்று வேதமாணிக்கம் நினைத்தார். இருபத்திரண்டு வருடம் மேஸ்திரிகளோடு வாதாடியவர், இதற்கா மடங்குவார்?

"எல்லாத்தையும் எடுத்துக்கச் சொன்னாலும் எடுத்துக்குவேன் மேடம்."

"எடுத்துக்கங்க" என்றார் ஜமீலா.

எழுந்து நின்றார். அந்த அறையில் ஜமீலா எழுந்து நிற்பது அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாரும் கையில இருக்கற ஒர்க்செட்டை விட்டுடுங்க. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் மொத்த மாடலும் சாரோடது. யாருக்கு எது வேணும்னாலும் சாரைக் கேளுங்க. சார் சரின்னா சரி."

பிறகு வேதமாணிக்கத்திடம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சார். காரணம் கேக்காம யாருக்கும் கொடுக்காதீங்க. காரணம் கேக்காம மறுக்கவும் கூடாது."

"அது நியாயம்தானே" என்றார் வேதமாணிக்கம். சொல்லும்போது அவருக்கு அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டது.

பத்தேகால் மணிக்கு அடித்தளம் முதல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர் இருந்தது. வேதமாணிக்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிடம் மிக நிம்மதியாக இருந்தது. அரசர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்குமா என்பதை வரலாற்று ஆசிரியர்கள் யாரும் சொல்லவில்லை.

பத்து இருபத்தைந்துக்குக் கதிரேசன் வந்தார். ஒரு கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.

"மகாராஜா, ஒரு பீமை ஆறு அங்குலம் எறக்க உத்தரவு வேணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? எறக்கணும், அவ்வளவுதான்."

"மேடம் காரணம் கேக்கச் சொல்லியிருக்காங்க."

கதிரேசன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காரணம் சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. ஏற்கனவே தள்ளிய தூணின் விவகாரம் அது. கதவைக் குறுக்க முடியாததால் தூணை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தார், அதில் பீம் நீண்டு கனம் கூடிவிட்டது. கட்டிடத்தின் அந்த மூலையில் போர் போட்டுப் பார்த்ததில் அடியில் வெறும் களிமண். தூணைத் தள்ளாவிட்டால் அந்த மூலை ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்துவிடும்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா."

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி. யாரு கை வெச்சதுன்னுதானே கேட்டீங்க."

வேதமாணிக்கம் பீமை இறக்க அனுமதி கொடுத்தார்.

கதிரேசன் எழுந்து போகுமுன் அடுத்த ஆள் நின்றது. கழிப்பறை ஜன்னலை ஒன்பது அங்குலம் உயர்த்த வேண்டும். எதற்கு? எதிர் மாடியிலிருந்து உள்ளே தெரிகிறது. கொடுத்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு விளக்கு. எதற்கு? அங்கே இரண்டு படி இருட்டில் இருக்கிறது. கொடுத்தார். ஒரு ஸ்விட்ச், ஒரு வடிகால், சமையலறைப் புகைபோக்கி, சாய்தளத்துக்கு ஒரு கைப்பிடி. திரையில் இன்னொரு பக்கம் வேண்டுகோள்கள் எறும்பு வரிசை மாதிரி வந்துகொண்டே இருந்தன. பதினோரு மணி டீ ஆறிப்போனது. சாப்பாட்டு டப்பாவை இரண்டு மணிக்குத்தான் திறந்தார். திறந்தபோதும் எதிரே ஒருவர், ஏ.சி. குழாயோடு. எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, எதற்கு, என்றார்.

தன் வேலையில் ஒரு கோடுகூட அவர் போட்டிருக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் ஏன் எதைச் செய்கிறார்கள் என்பது, வந்து சேர்ந்த ஐந்து மாதத்தில் தெரியாதது, நாலு மணி நேரத்தில் தெரிந்திருந்தது. இதைக் கல்வி என்று சொல்வதா தண்டனை என்று சொல்வதா என அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

இரண்டு நாற்பதுக்கு சிந்துஜா வந்தாள். மருத்துவமனையில் ஆக்சிஜன் போகும் குழாய்களை மாடலில் போடுகிறவள் அவள். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் பேசி அந்த அலுவலகத்தில் அதிகம் பேர் கேட்டதில்லை.

"சார், ஒன்பதாம் வார்டுக்கு வெளிய குழாயை ஒரு அடி தூக்கிக்கணும்."

"எதுக்கும்மா?"

"ட்யூட்டி ரூம் ஜன்னல் மேல வருது."

வேதமாணிக்கம் அந்த இடத்தைத் திரையில் கொண்டுவந்தார். குழாய் வார்டு வாசலில் இருந்து கிளம்பி, சுவர் ஓரமாகப் போய், மூலை திரும்பி, ட்யூட்டி ரூமையும் தாண்டிப் போய் ஒரு பெட்டியில் முடிந்தது.

"இது என்ன பெட்டி?"

"வால்வுப் பெட்டி சார். முன்னால கண்ணாடி இருக்கும். வார்டுல தீப்பிடிச்சா நர்ஸ் கண்ணாடியைத் திறந்து உள்ள இருக்கற பிடியைத் திருப்பணும். அந்த வார்டுக்கு ஆக்சிஜன் நின்னுடும்."

"அப்ப வாசல்லதானே இருக்கணும்?"

"ஆமா சார்."

"பின்ன ஏன் அங்க போய் வெச்சிருக்கே?"

சிந்துஜா தரையைப் பார்த்தாள்.

"உங்க கதவு சார்."

"என் கதவுக்கு என்ன?"

"ரெண்டும் திறந்தா சின்னது சுவத்துல ஒட்டுதுல்ல? பெட்டி அதுக்குப் பின்னால போயிடுது. பக்கத்துல வேற காலிச் சுவரும் இல்ல."

வேதமாணிக்கம் மூன்று வாரத்தில் அந்தக் கதவை நூறு தடவையாவது திரையில் திறந்து மூடிப் பார்த்திருப்பார். திறந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையும் பார்த்ததில்லை. இப்போது திறந்தார். சின்னக் கதவு சுவரோடு போய் அழகாக ஒட்டிக்கொண்டது. பெட்டி முதலில் இருந்த இடத்தைச் சிந்துஜா விரலால் காட்டினாள். அந்த இடம் முழுவதும் எஃகுத் தகடு.

"கட்டில் போறப்பதானே ரெண்டும் திறக்கும்?" என்றார். "மத்த நேரம் பெட்டி தெரியுமே?"

தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வார்கள் என்று வேதமாணிக்கத்துக்கே தெரியும். கட்டில்களை வெளியே தள்ளுவார்கள்.

"இப்ப வெச்சிருக்கற இடம் வாசல்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"பதினெட்டு மீட்டர் சார்."

வேதமாணிக்கம் எழுந்தார். தன் மேசையிலிருந்து ஓர் அடி வைத்தார், இன்னொன்று வைத்தார். நடக்கிற வேகத்தில் அல்ல, ஓடுகிற வேகத்திலும் அல்ல. சேலை கட்டிய ஒருத்தி புகையில் ஓடினால் எவ்வளவு எட்டு வைப்பாளோ அந்த அளவில் வைத்தார். பதினோரு பேரின் நாற்காலிகளையும் தாண்டி, தண்ணீர்க் கேனைத் தாண்டி, மாடிப்படிக் கதவு வரை போய், அங்கே திரும்பி, மறுபடி கேன் வரை வந்தபோது எண்ணிக்கை முடிந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். கதிரேசன் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க பூட்டின மறுநாள் சார்."

"எட்டு நாளாச்சு."

"ஆமா சார்."

"எட்டு நாளா பதினாலு வார்டுக்கும் பெட்டியைத் தள்ளித் தள்ளி வெச்சிட்டு, பதினாலு குழாயையும் நீட்டிட்டு இருந்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"தொட வேண்டாம்னு எழுதியிருந்துச்சு சார்."

"தொட வேண்டாம்னுதானே எழுதினேன், சொல்ல வேண்டாம்னா எழுதினேன்?"

சிந்துஜா நிஜமாகவே யோசித்தாள்.

"கதிரேசன் சாருக்கே ரெண்டு தடவை மறுத்திட்டீங்க. நான் எப்படி வந்து... அப்புறம், நீங்க சைட்ல இருந்தவங்க. தெரிஞ்சுதான் வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன் சார்."

வேதமாணிக்கத்துக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு உக்காரும்மா" என்றார்.

வழி சுலபம்தான். சின்னக் கதவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டால் போதும், அந்தப் பக்கம் தூண், அதில் பெட்டியைப் பதிக்க முடியாது, கதவு ஒட்டிக்கொள்ளலாம். கடைச்சரக்குக் கதவாக இருந்தால் ஒரு சொடுக்கு வேலை. கதவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டினால் இடம் வலமாகும். வேதமாணிக்கத்தின் கதவில் அந்த அம்புக்குறி கிடையாது. வைத்தால் எவனாவது திருப்பிவிடுவான் என்று செய்யும்போதே வைக்காமல் விட்டிருந்தார்.

எனவே கதவைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

பிரிக்க ஆரம்பித்ததும் திரையின் மூலையில் ஒரு வேண்டுகோள் வந்தது. பிறகு இன்னொன்று. யாரோ பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்கள். வேதமாணிக்கம் திரும்பாமலே கத்தினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்கய்யா! எனக்கு வேலை இருக்கு."

மூன்று பத்துக்கு, கதவைத் தவிர மொத்தக் கட்டிடத்தையும் விட்டுவிட்டார்.

"அண்ணாச்சி முடி துறந்துட்டாரு" என்றார் கதிரேசன். "நாட்டு மக்கள் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வேதமாணிக்கம் மௌஸைப் பிடித்தார். சிந்துஜா கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் அரை மணி நேரம் அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அப்புறம் கேட்காமலே சொன்னாள்.

"சார், இந்தத் தகட்டுக்கு மேல கைப்பிடி வெளிய நீட்டிட்டு இருக்கு. திறந்தா முழுசா ஒட்டாது."

"ஒட்டாதா?"

"நாலு விரல் இடைவெளி நிக்கும்."

அதையும் சரி செய்தார்.

"அப்புறம் சார், கதவு திறந்தா எந்த எடம் மறையுமோ அதைக் கதவோடவே ஒரு கலர்ல காட்டிட்டா? அந்த எடத்துல யாராவது எதையாவது வெச்சா உடனே தெரியும்."

வேதமாணிக்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வாரத்தில் அவருக்குத் தோன்றாதது இது. வெளிர் ஆரஞ்சு நிறத்தில் கதவோடு ஒட்டிய ஒரு கட்டத்தைப் போட்டார். அம்புக்குறியையும் வைத்தார்.

ஐந்து மணிக்கு முன்பே புதிய கதவு பதினான்கு வார்டிலும் உட்கார்ந்துவிட்டது. பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவரச் சிந்துஜா தன் இடத்துக்குப் போனாள். வேதமாணிக்கம் கதவின் ஒர்க்செட்டையும் விட்டார். பெயரிலிருந்து இரண்டு சொல்லை அழித்தார். கதவு என்பது மட்டும் மிஞ்சியது.

நாலாவது நாற்காலிக்குப் போனார்.

"மேடம், பெட்டி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்தப் பெட்டி?"

சொன்னார். ஜமீலா கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்ககிட்டருந்து பிடுங்கியிருப்பேன்."

"பின்ன எதுக்கு மொத்தத்தையும் என் தலையில கட்டினீங்க?"

"உங்களைக் கொஞ்சம் சிரமப்படுத்தலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பழைய கவலை திரும்பி வந்து பக்கத்தில் நின்றது.

"இப்ப கதவை விட்டுட்டேன். நாளைக்கு முழுநாள் இருக்கு. யாராவது மாத்திட்டா?"

"மாத்துவாங்க சார்."

"அம்புக்குறி வேற வெச்சிருக்கேன்."

"வெச்சிருக்கீங்கல்ல, தட்டுவாங்க."

"அப்ப நான் என்ன பண்றது?"

ஜமீலா தன் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். செய்த வேலையைப் பொது மாடலில் சேர்க்கும்போது, எதை மாற்றினோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதித்தான் சேர்ப்பார்கள். அந்த வரிகள் எல்லாம் பெயரோடும் நேரத்தோடும் அங்கே இருந்தன. மேலே ஒரு கட்டத்தில் கதவு என்று தட்டினார். கதவைப் பற்றிய வரிகள் மட்டும் நின்றன.

வேதமாணிக்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கதவு செய்தேன், வேதமாணிக்கம். கதவு அளவு 1350, கதிரேசன். கதவு அளவு 1500, வேதமாணிக்கம். கதவு தனி ஒர்க்செட், வேதமாணிக்கம். கதவு இடம் வலம் மாற்றம், வேதமாணிக்கம். நிமிடம் வரைக்கும் இருந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவர் மனசு மெல்ல இறங்கி ஓர் இடத்தில் உட்கார்ந்தது.

"இதை மொதல்லயே காட்டியிருந்தா நான் பூட்டியே இருக்க மாட்டேனே மேடம். யாரு கை வெச்சாலும் இதுல வந்துடும். இது போதும் எனக்கு."

ஜமீலா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"இந்த எட்டு நாளா உங்க கதவைத் தொடாம சுத்திச் சுத்திப் போன சிந்துஜா பேரு இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க சார்."

வேதமாணிக்கம் பட்டியலைக் கீழே தள்ளினார். இன்னும் கீழே தள்ளினார். கடைசி வரி வந்த பிறகும் அவர் விரல் தள்ளிக்கொண்டே இருந்தது.